துறைமுக வாயை அடைக்கும் மணல் எங்கிருந்து வருகிறது?
ஒலுவிலை முன்வைத்து

ஒலுவில் கடற்கரையில் ஒரே மணலைப் பற்றி இரண்டு முறைப்பாடுகள் கேட்கலாம். துறைமுகத்தின் வாயில் மணல் திரண்டு கிடக்கிறது, படகு தட்டுகிறது, தோண்டித் தாருங்கள் என்பது மீனவர்களின் முறைப்பாடு. துறைமுகத்துக்கு வடக்கே கரை கரைந்துபோகிறது, தென்னைகள் வேரோடு கடலுக்குள் சரிகின்றன, எங்களுக்கு மணலைத் தாருங்கள் என்பது காணிக்காரர்களின் முறைப்பாடு. ஓரிடத்தில் மணல் கூடிப்போனது, இன்னோரிடத்தில் மணல் இல்லாமற்போனது. இரண்டுக்கும் இடையில் நடந்துபோகக்கூடிய தூரந்தான்.

அந்தப் பக்கம் போனபோது கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு காக்கா கேட்டார்: "மனே, இந்த மண்ண அள்ள அள்ள வந்திட்டே இரிக்கி. இது ஆத்து மண்ணா, கடலுக்குள்ள இருந்து வாற மண்ணா?" பக்கத்திலிருந்த இன்னொருவர், "சுனாமி கொண்டுவந்து போட்ட மண்தான் இன்னும் கிளம்பி வருது" என்றார். கப்பல் போகும் கால்வாய்களைத் தோண்டிப் பராமரிக்கும் பொறியியலாளர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தோண்டினால், அடுத்த வருடமும் அதே இடத்தில் அதே செலவு.

ஒலுவில் துறைமுகம் எம்.எச்.எம். அஷ்ரப் கப்பல், துறைமுகங்கள் அமைச்சராக இருந்த காலத்துக் கனவு. அவர் 2000 செப்டெம்பரில் மறைந்தார். கட்டுமானம் 2008இல், டென்மார்க்கின் நிதியுதவியோடு தொடங்கியது. 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. வர்த்தகத் துறைமுகம் ஒன்றும் மீன்பிடித் துறைமுகம் ஒன்றும் சேர்ந்த அமைப்பு. வர்த்தகப் பகுதி எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. மீனவர்களுக்கென்று மிஞ்சிய பகுதியின் வாயையும் மணல் பிடித்துக்கொண்டது. அரசியல் பற்றி வேறு இடங்களில் நிறையப் பேசியாயிற்று. மணலைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

முதலில் சுனாமி. 2004 டிசெம்பரில் வந்த அலை கரை மணலையும் கரையோரக் கடலடி மணலையும் வாரி ஊருக்குள் கொண்டுவந்து போட்டது உண்மை. கிணறுகளை மூடிய மணல் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். ஆனால் துறைமுகக் கல் விழுந்தது அதற்கு நாலு வருடம் கழித்து. கல் விழுந்த பிறகுதான் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் கரை போனது. சுனாமி மண் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அல்லவா நடந்திருக்க வேண்டும்?

அடுத்தது ஆறு. இதை இவ்வளவு சுருக்கமாகத் தள்ளிவிட முடியாது. உலகத்தில் எந்தக் கடற்கரை மணலுக்கும் பெரும்பாலும் ஊர்மூலம் மலைதான். மத்திய மலைநாட்டுப் பாறை வெயிலிலும் மழையிலும் உடைந்து, அதிலுள்ள படிகக்கல் மணிகள் ஆற்றோடு உருண்டு கடலுக்கு வருகின்றன. குமன பக்கம் கடலில் விழும் கும்புக்கன் ஓயா, பொத்துவில் பக்கத்து ஹெட ஓயா, இன்னும் சிறிய ஆறுகள் பலவும் அம்பாறைக் கரைக்கு மணல் ஊட்டியவை. ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையில் களியோடை இருக்கிறது. பட்டிப்பளை ஆறு என்று நம் பெரியவர்கள் சொன்ன கல்ஓயாவின் தண்ணீர் அந்த வழியாக வருகிறது. ஆகவே ஆத்து மண் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அது நேற்று மாரியில் வந்த மண் அல்ல. எத்தனையோ தலைமுறைகளாக ஆறுகள் கொடுத்து, கரை சேமித்துவைத்த மண்.

இங்கினியாகலையில் அணை கட்டி சேனாநாயக்க சமுத்திரம் உண்டாகி எழுபது வருடத்துக்கு மேலாகிறது. அணைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும்போது முதலில் அடியில் இறங்குவது பருமணல். மதகால் வெளியே வருவது தண்ணீரும் கொஞ்சம் கலங்கலுந்தான். மிச்சம் இருந்ததையும் ஆற்று மணல் அகழ்வு குறைத்துவிட்டது. மாரியில் களியோடையில் செந்நிறமாக ஓடுவதைப் பார்த்து 'எவ்வளவு மண் வருது பாருங்க' என்கிறோம். அது பெரும்பாலும் வண்டல். மாவு போன்ற அந்தத் துகள் அலையடிக்கும் கரையில் தங்காது, மிதந்து ஆழத்துக்குப் போய்விடும். துறைமுக வாயில் கையால் அள்ளிப் பார்த்தால் வருவது அந்த வண்டல் அல்ல. விரலிடுக்கில் கரகரக்கும் மணல்.

அந்த மணலைக் கரையிலிருந்து அள்ளிய மணலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணியின் பருமன் ஒன்று, நிறம் ஒன்று, இடையிடையே கிடக்கும் கறுப்பு மணிகளும் சிப்பித் துண்டுகளும் ஒன்று. ஆய்வுகூடத்தில் அரிதட்டில் சலித்து நிறுப்பதும், கண்ணாடிக்குக் கீழே வைத்து எண்ணுவதும் இதே வேலையைத்தான், கூடுதல் கவனத்தோடு செய்கின்றன. சிப்பியும் முருகைக்கல் துகளும் கூடுதலாக இருந்தால் கடலடியில் இருந்து வந்த மணல். மணிகள் கூர்முனையோடு இருந்தால் ஆற்றிலிருந்து புதிதாக வந்தது. உருண்டு மழமழப்பாக இருந்தால் கரையில் நெடுநாள் அலைந்தது.

ஆகவே பெரும்பங்கு கரை மணல். ஆனால் கரை மணல் எப்படி நகர்கிறது?

கரைவலை இழுத்தவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் ஒரு துறையில் வளைத்த வலை, இழுத்து முடிக்கும்போது வடக்கே விலகித்தான் கரையேறும். 'நீவாடு இழுக்குது' என்பார்கள். அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம், சாய்வாகத்தான் வரும். உடைந்து மேலேறும்போது மணலையும் சாய்வாகத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. திரும்பும்போது சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது. ஏறுவது சாய்வு, இறங்குவது நேர். ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல்மணி சில அடிகள் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. ஒரு நாளைக்கு இப்படி ஆயிரக்கணக்கான அலைகள். கரையோரமாக, அலை உடையும் இடத்துக்கும் வரண்ட மணலுக்கும் இடையில், ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆறு வருடம் முழுக்க ஒரே திசையில் ஓடுவதில்லை. வாடைக் காலத்தில் அலை வடகிழக்கிலிருந்து வருவதால் மணல் தெற்கே போகும். வாடை தணிந்து சோழகமும் கச்சானும் வீசும் மாதங்களில், தென்பெருங்கடலில் எழும் நீண்ட அலைகள் தென்கிழக்கிலிருந்து நம் கரையைத் தொடுகின்றன. அப்போது மணல் வடக்கே போகும். வாடை அலை கண்ணுக்குப் பயங்கரம், ஆனால் அதன் காலம் குறுகியது. தெற்கத்திய அலை சாதுவானது, மாதக்கணக்கில் ஓயாது. வருட முடிவில் கூட்டிக் கழித்தால் கணக்கு வடக்கே சாய்கிறது.

இந்த மணல் ஆற்றின் குறுக்கே கல்லைப் போட்டால் என்ன நடக்கும்? துறைமுகத்துக்குத் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என இரண்டு அலைத்தடுப்பு அணைகள். தெற்கிலிருந்து வரும் மணல் தெற்கு அணையில் முட்டி நிற்கிறது, அங்கே கரை கடலுக்குள் வளர்கிறது. வடக்கே அலை பழையபடி மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அதற்கு ஈடாகத் தெற்கிலிருந்து வர வேண்டியது வரவில்லை. வரவு நின்று செலவு நிற்காத கடைக் கணக்குதான். ஒலுவிலின் வடக்கிலும் நிந்தவூர்ப் பக்கமும் கரை உள்வாங்கியதற்குக் கடல் கோபிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

துறைமுக வாய் அடைபடுவது இதன் அடுத்த கட்டம். தெற்கு மூலையில் மணல் நிரம்ப நிரம்ப, கரைக்கோடு அணையின் நுனியை நோக்கி நகரும். மூலை நிரம்பிவிட்டால் மணல் நுனியைச் சுற்றத் தொடங்கும். சுற்றி வந்ததும் அதன் முன்னால் இருப்பது என்ன? கப்பலுக்கென்று தோண்டிய பள்ளம், அதற்கு உள்ளே அலையில்லாத அமைதியான தண்ணீர். வட்டையில் வாய்க்கால் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலில் ஓரிடத்தில் பள்ளமும் அகலமும் கூடினால் அங்கே ஓட்டம் தளரும், தளர்ந்த இடத்தில் மண் இறங்கும். மணலைத் தாங்கிக்கொண்டிருந்தது அலையின் குலுக்கல். குலுக்கல் நின்றதும் மணல் கீழே போகிறது. தோண்டிய கால்வாய் கப்பலுக்கு வழி, மணலுக்குப் பொறி. ஆழமாகத் தோண்டத் தோண்டப் பொறியும் நல்ல பொறியாகிறது.

தெற்கு மணல் மட்டும் வருவதில்லை. வாடைக் காலத்தில் திசை மாறும்போது வடக்குக் கரையின் மணல் தெற்கே வந்து வடக்கு அணையைச் சுற்றி உள்ளே நுழையலாம். அலை அணையின் நுனியில் வளைந்து உள்ளே திரும்புவதால், அணைக்குப் பின்னாலுள்ள நிழலை நோக்கியும் ஓர் இழுப்பு உண்டு. உள்ளே போன மணல் சோழகத்தில் திரும்பி வராது, ஏனென்றால் உள்ளே அதைத் தூக்கிவிட அலை இல்லை. வரவை இழந்த வடக்குக் கரை தன் முதலிலிருந்தும் ஒரு பகுதியைத் துறைமுகத்துக்குக் கொடுக்கிறது. இதைப் பெரும்பாலும் யாரும் காணிக்காரருக்குச் சொல்வதில்லை.

இன்னும் சில சில்லறை வழிகள் உண்டு. தோண்டிய கால்வாயின் பக்கங்கள் செங்குத்தாக நின்றால் அவை தாமாகச் சரிந்து அடியை நிரப்பும். பெரும்புயலில் ஆழ்கடலடி மணல் கொஞ்சம் கரைப்பக்கம் வரும். காற்று கொண்டுவந்து போடும் மணலும் உண்டு. கரையோரத்தில் எல்லாம் சேர்ந்தும் மணல் ஆற்றின் பங்குக்குப் பக்கத்தில் வராது.

இந்தக் கதை ஒலுவிலுக்குப் புதிதல்ல. நமக்கு எதிர்க்கரையில், 1870களின் நடுப்பகுதியில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. அங்கும் மணல் வருடக் கணக்கில் வடக்கே போவதுதான். தெற்கே மெரினா இன்றைக்குள்ள அகலத்துக்கு வளர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை போய், கல் போட்டு, கல் போன இடத்துக்கு அடுத்த இடம் போய், மறுபடி கல் போட்டு என்று ஒரு நூற்றாண்டு கழிந்தது. கிழக்கைப் பார்த்திருந்த துறைமுக வாயை மணல் தொந்தரவால் மூடிவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்கில் புது வாய் திறந்தார்கள். மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது ராயபுரத்துக்குப் போக வேண்டிய மணல் என்று தெரியும்?

அதே கரையில் விசாகப்பட்டினம் வேறு விதமாக நடந்துகொண்டது. 1933இல் திறந்த அந்தத் துறைமுகத்தின் முகப்பில் இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைத்தடுப்பாக்கினார்கள். அதன் மறைவில் மணல் விழுவதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கி, அங்கு சேர்வதைத் தோண்டி வடக்கே உள்ள கரைக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மணல் வரும் என்று முதலே ஒத்துக்கொண்டு கட்டிய துறைமுகம் அது. கரைப் பிரச்சினை அங்கும் முற்றாகத் தீரவில்லை என்றாலும், மணலின் வழி எது என்று தெரிந்து செய்த வேலை.

தோண்டிய மணலை எங்கே போடுவது என்பதற்கு அமெரிக்காவின் சான்டா பார்பராவில் நடந்தது நல்ல பாடம். அங்கே 1920களின் இறுதியில் அலைத்தடுப்பு கட்டினார்கள். சில வருடங்களில் மேற்கு மூலை நிரம்பி, மணல் நுனியைச் சுற்றித் துறைமுகத்துக்குள் நாக்கு நீட்டியது. கிழக்கே கரை போனது. 1935இல் தோண்டி, அந்த மணலைக் கிழக்குக் கரைக்கு எதிரே கடலில், சுமார் 6 மீற்றர் ஆழத்தில் கொட்டினார்கள். அலை கரைக்குத் தள்ளிவிடும் என்று எதிர்பார்ப்பு. மணல் போட்ட இடத்திலேயே மேடாகக் கிடந்தது, கரைக்கு ஒன்றும் வரவில்லை. 1938இல் குழாய் போட்டு நேராகக் கரையிலேயே கொட்டினார்கள். அது வேலை செய்தது. 'கடலில்தானே போட்டோம், கடல் பார்த்துக்கொள்ளும்' என்ற பேச்சுக்கு அந்த மேடுதான் பதில்.

அவுஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960களில் அணைகளை நீட்டிய பிறகு வடக்குக் கரைகள் தேய்ந்தன. 2001 முதல் அங்கே தெற்குக் கரையில் நிரந்தரமாகப் பம்பிகள் வைத்து, மணலை ஆற்றுக்கு அடியால் குழாயில் வடக்கே அனுப்புகிறார்கள். வருடத்துக்குச் சுமார் 500,000 கன மீற்றர் அங்கே இயற்கையாக நகரும் அளவு. நம்மூர் கணக்கில் ஒரு கியூப் 2.83 கன மீற்றர். மூன்று கியூப் ஏற்றும் ரிப்பரில் அள்ளுவதானால் வருடத்தின் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 160 லோட். ஒலுவிலில் ஓடும் அளவு வேறாக இருக்கும். ஆனாலும் ஒரு முறை தோண்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த லோட் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

சேற்றுத் துறைமுகங்களின் கதை வேறு. லண்டனின் தேம்ஸ் ஆற்றில் தோண்டிய சேற்றைப் பல காலம் வெளிக் கழிமுகத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1950களில் ஆராய்ந்தபோது அது திரும்பி வருவது தெரிந்தது. உப்புத் தண்ணீர் கனமானது. மேலே ஆற்று நீர் கடலுக்குப் போகும்போது அடியில் உப்பு நீர் ஊரை நோக்கி நகர்ந்து சேற்றையும் இழுத்துவருகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான சேர் கிளோட் இங்லிஸ், முன்பு இந்தியாவில் பூனாவில் ஆறுகளை ஆராய்ந்தவர். சேறு போலவே அரைத்த கண்ணாடித் தூளில் ஸ்கண்டியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து அடியில் விட்டு, எங்கே போகிறது என்று கருவியால் தேடினார்கள். இந்தியாவின் துறைமுகங்களிலும் பின்னர் இதே முறை பயன்பட்டது. அதன் வீரியம் ஏறக்குறைய 84 நாட்களில் பாதியாகிவிடும் என்பதால் ஒரு பருவத்துக்குப் பொருத்தம். மணல் கரைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. ஒளிரும் சாயம் பூசிய மணலைத் தெற்குக் கரையில் கொட்டிவிட்டு, இரவில் ஊதா விளக்கோடு துறைமுக வாய் மணலைச் சலித்துப் பார்த்தாலே போதும். நம் பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்றால் செய்யக்கூடிய வேலை, துறைமுகமும் வளாகமும் ஒரே ஊரில்.

இனி மீண்டும் அந்த இரண்டு முறைப்பாடுகள். வாயைத் தோண்டாமல் விட்டால் மீனவருக்குத் தொழில் இல்லை. தோண்டி மணலை லொறியில் ஏற்றிக் கட்டட வேலைக்கு விற்றால் வடக்குக் கரைக்கு வர வேண்டியது நிரந்தரமாகப் போயிற்று. ஆழத்தில் கொட்டினாலும் அப்படித்தான். வடக்கே தோட்டம் இழந்த ஒருவர் சொன்னார்: "கல்லால காணி போச்சு. இனி அதுக்குள்ள கிடக்கிற மண்ணையும் ஏத்திட்டுப் போனா நாங்க என்னத்தச் செய்யிற?" மணலின் வழியைப் பார்த்தால் அவர் கேட்பது சரி. மீனவர் தோண்டச் சொல்வதும் சரி. தோண்டியது வடக்குக் கரையிலேயே, அலை உடையும் இடத்துக்கு உள்ளே விழுமானால் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் கேட்கிறார்கள்.

அதில் நுணுக்கங்கள் உண்டு. துறைமுகத்துக்கு மிகக் கிட்ட, வடக்கு அணையின் அடியில் கொட்டினால் வாடை அதைத் திரும்பவும் வாய்க்குள் தள்ளும். சற்றுத் தள்ளி, வாடை முடிந்து கடல் அமைதியாகும் மாதங்களில் போட்டால், பின்வரும் தெற்கத்திய அலை அதை வடக்கே கொண்டுசெல்லும். வாயில் வந்து அடைக்கும்வரை காத்திராமல், தெற்கு மூலையில் சேர்ந்து கிடப்பதிலிருந்தே எடுத்தால் வாய் அடைபடுவதும் தாமதமாகும். வடக்கே கல் போடுவது, கல் போட்ட இடத்தைக் காக்கும். அடுத்த காணிக்கு அது ராயபுரத்துக் கதைதான். அகழ்வு ஒப்பந்தம் எதுவானாலும் எத்தனை கன மீற்றர், எந்தப் பக்கத்தில், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் கொட்டப்படும் என்று எழுத்தில் இருக்கிறதா என்பதை ஊரவர்கள் கேட்கலாம். அகழ்வுக்கு முன்னும் பின்னும் ஆழம் அளந்த வரைபடத்தையும் கேட்கலாம்.

மாரியில் வட்டை மூழ்காமல் ஆற்றுவாயை வெட்டிவிடும் ஊர் நம்முடையது. வெட்டிய வாயைக் கோடையில் கடல் மூடிவிடும், அடுத்த மாரியில் திரும்ப வெட்டுவார்கள். அதை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை, வருடாந்த வேலையாக நினைக்கிறார்கள். மூடுகிற மணல் அங்கேயும் இதே மணல்தான்.

வலை பொத்திக்கொண்டிருந்த காக்காவுக்கு இதையெல்லாம் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, தெற்கு அணைப் பக்கம் கூட்டிப்போனார். அணைக் கல் ஒன்றில் பழைய வெள்ளைப் பெயின்ற்றால் மூன்று கோடுகள். ஒவ்வொரு வாடைக்கு முன்னும் மணல் எந்த மட்டத்தில் நின்றது என்று அவர் போட்டவை. மிகக் கீழே உள்ள கோட்டைக் காட்டக் குனிந்து மணலைக் கையால் தோண்டினார். முழங்கை வரை போன பிறகுதான் அது தெரிந்தது.